மீன் வரைந்த தட்டு எப்படிக் ‘காப்டிக்’ ஆனது?

கேள்வி இதுதான்: அருங்காட்சியகத்தின் எகிப்துப் பிரிவில் ஒரு பழுப்பு மண் தட்டு. நடுவில் கருப்புக் கோட்டில் ஒரு மீன், சுற்றிலும் புள்ளிகள். கீழே சீட்டில் ‘காப்டிக், 5–8ஆம் நூற்றாண்டு’ என்று போட்டிருக்கிறது. சிலுவையும் இல்லை, புனிதர் உருவமும் இல்லை. அப்புறம் இது எப்படிக் கிறிஸ்தவத் தட்டு ஆகிறது? அந்த மீன் இயேசுவைக் குறிக்கிற மீன்தானா? 400 ஆண்டு இடைவெளி விட்டா தேதி போடுவார்கள்?

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். பாதிக் குழப்பம் அதில்தான் இருக்கிறது. எகிப்துக்காரனுக்குக் கிரேக்கத்தில் ‘ஐகுப்தியோஸ்’ என்று பெயர். 7ஆம் நூற்றாண்டில் அரபுகள் வந்தபோது அதன் தலையும் வாலும் உதிர்ந்து ‘கிப்த்’ ஆனது. ‘காப்ட்’ அதிலிருந்து வந்ததுதான். ஆக, வேர்ச்சொல்லைப் பார்த்தால் ‘காப்டிக்’ என்றால் வெறும் ‘எகிப்திய’ என்றுதான் பொருள். நாட்டில் பெரும்பாலோர் இஸ்லாத்துக்கு மாறிய பிறகு, மாறாமல் நின்ற கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கலை வரலாறு எழுதியவர்கள் அதைப் பின்னோக்கி இழுத்து, ரோமானிய ஆட்சியின் பிற்பகுதியில் எகிப்தில் செய்த துணி, மரம், கல், மண் எல்லாவற்றுக்கும் ஒட்டிவிட்டார்கள். அந்தச் சீட்டு உங்களுக்குச் சொல்வது குயவர் எந்தக் கோயிலுக்குப் போனார் என்பதை அல்ல. ‘இது பார்வோன் காலமும் இல்லை, இஸ்லாமியக் கலை என்று நாங்கள் பெயர் வைத்திருப்பதும் இல்லை, இடைப்பட்டது’ என்பதைத்தான். இதனாலேயே இப்போது பலரும் ‘காப்டிக்’ என்பதை விட்டுவிட்டு, ‘பிற்கால ரோமானிய எகிப்து’ அல்லது ‘பைசாந்திய எகிப்து’ என்று எழுதுகிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆனால் பழைய சீட்டுகளை யாரும் அவசரமாக மாற்றுவதில்லை.

சரி, தட்டுக்கு வருவோம். நாம் எல்லோரும் செய்கிற தப்பு, படத்தை முதலில் பார்ப்பது. பானைகளைப் பார்த்துப் பழகியவர்கள் பானைத் துண்டைத் திருப்பி உடைந்த விளிம்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். மண் என்ன நிறம், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

எகிப்தில் குயவருக்குக் கிடைத்த மண்ணை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது நைல் வண்டல். வெள்ளம் கொண்டுவந்து போட்ட கருப்பு மண், இரும்புச் சத்து நிறைய. சூளையில் காற்றோட்டத்தோடு சுட்டால் செம்பழுப்பாக வரும். உடைத்துப் பார்த்தால் மைக்கா பளபளக்கும், கலந்த வைக்கோல் எரிந்துபோன பொந்துகள் தெரியும். இரண்டாவது பாலைவன ஓரத்துச் சுண்ணாம்பு கலந்த மண். சுட்டால் வெளிறிய மஞ்சளாகவோ பச்சை ஓடியோ வரும். மூன்றாவது தெற்கே அஸ்வான் பக்கத்து மண். வெள்ளைக் களி வகையைச் சேர்ந்தது, மென்மையானது. சுட்டால் இளஞ்சிவப்பு. இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால், தட்டு எந்தப் பக்கத்தில் பிறந்தது என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். மீனிடம் கேட்க வேண்டியதே இல்லை.

அஸ்வானைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் மத்தியதரைக் கடல் முழுக்கச் சாப்பாட்டு மேசைகளில் இருந்தது, இன்றைய துனீசியாவில் செய்த செந்நிறத் தட்டு. மெல்லியது, பளபளப்பானது, கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. எகிப்துக்கும் வந்தது. அஸ்வான் குயவர்கள் அதைப் பார்த்து, அதே விளிம்பு, அதே வடிவம், மேலே செங்காவிக் குழம்பில் ஒரு முக்கு என்று தங்கள் மண்ணிலேயே செய்துவிட்டார்கள். இன்றைய பேச்சில் சொன்னால் லோக்கல் மாடல். ஆனால் மட்டமான நகல் என்று நினைத்துவிடாதீர்கள். அஸ்வான் மண் நல்ல மண். அந்தத் தட்டுகள் நைல் வழியாக வடக்கே கழிமுகம் வரை போயின, தெற்கே நூபியாவுக்கும் போயின. தட்டின் நடுவில் மண் ஈரமாக இருக்கும்போதே சின்ன அச்சால் சிலுவை, பூ, இலை என்று குத்தியிருப்பார்கள். பிரித்தானிய ஆய்வாளர் ஜான் ஹேய்ஸ் 1972இல் பிற்கால ரோமானிய மட்பாண்டங்களை வகைப்படுத்தியபோது இவற்றை ‘எகிப்தியச் செம்பூச்சு ஏ வகை’ என்றார். நைல் வண்டலில் செய்த முரட்டு நகல்களுக்கு ‘பி வகை’ என்று பெயர். இன்றும் துறையில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

உங்கள் தட்டில் அச்சு இல்லை, தூரிகை ஓடியிருக்கிறது. அதை நிதானமாகப் பார்க்கலாம்.

இந்த மரபில் கண்ணாடிப் பூச்சு கிடையாது. மண், மண் குழம்பு, அவ்வளவுதான். சக்கரத்தில் வனைந்து நிழலில் காயவைத்த பாத்திரத்தின் மேல் செங்காவிக் குழம்பையோ வெளிறிய பால் நிறக் குழம்பையோ பூசுவார்கள். ஜாடியாக இருந்தால் தோள்பகுதியில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டைதான் ஓவியருக்குத் தாள். மாங்கனீசு கலந்த கருப்பு அல்லது கரும்பழுப்பில் உருவத்தின் வெளிக்கோடு, உள்ளே நிரப்ப இரும்புச் சிவப்பு. பெரும்பாலும் சுடுவதற்கு முன்பே இதெல்லாம் முடிந்துவிடும்.

மீன் வரைந்த கை எப்படி நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். முதுகு ஒரே இழுப்பு, வயிறு இன்னொரு இழுப்பு. இரண்டும் வாலில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். தலைக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு வளைவு, கண்ணுக்கு ஒரு வட்டமும் ஒரு புள்ளியும், செதிலுக்கு நாலைந்து கோடு. மிச்சம் இருக்கிற இடம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று சுற்றிலும் புள்ளிகள். எங்கேயும் தயக்கம் தெரியாது, அழித்து எழுதிய தடம் இருக்காது. காய்ந்த மண் சாயத்தை உடனே உறிஞ்சிவிடும், திருத்த நேரம் தராது; கோலம் போடுகிறவருக்கு விரல் ஓடுகிற மாதிரி ஓடினால்தான் உண்டு. முயல், சிங்கம், மான், புறா, திராட்சைக்கொடி, பின்னல் கோலம், பெரிய கண்ணோடு ஒரு மனித முகம் என்று இந்த மரபில் வருகிற மற்ற உருவங்களும் இதே வேகத்தில் போட்டவைதான். சில முயல்களுக்குக் காது உடம்பைவிட நீளம். குழந்தைத்தனம் என்று எழுதினவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை தட்டு இறக்க வேண்டுமோ அத்தனைக்கும் அலுக்காமல் முயல் போட்ட கை அது.

இது பணக்காரர் வீட்டுப் பொருள் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காசுள்ளவர்கள் வெள்ளியிலும் கண்ணாடியிலும் சாப்பிட்டார்கள். இவை சந்தையில் வாங்குகிற சாமான்கள், உடைந்தால் குப்பைமேட்டுக்குப் போகிறவை. தண்ணீர் ஜாடிகளுக்கு இந்தப் பூச்சில்லாத மண்தான் வசதியும்கூட. சுவரில் கசிந்த ஈரம் ஆவியாகி உள்ளே தண்ணீர் குளிரும். நம் மண்பானைக் கணக்குதான். எகிப்தில் அப்படிப்பட்ட குடிநீர்ச் சாடிக்குக் குல்லா என்று பெயர். தலையில் போடுகிற குல்லா இல்லை! அதன் கழுத்துக்குள் ஓட்டைகள் போட்ட ஒரு மண் வில்லை இருக்கும். பூச்சி, தூசு உள்ளே போகாது, தண்ணீரும் குபுக்கென்று கொட்டாது. பின்னால் இஸ்லாமியர் காலத்து ஃபுஸ்தாத் நகரத்தில் (இன்றைய கெய்ரோவின் பழைய பகுதி) இந்த வில்லைகளில் மயில், யானை, அரபு எழுத்து என்றெல்லாம் சல்லடை வேலை செய்தார்கள். சாடி கவிழும்போது வாய்க்குள் எட்டிப் பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அலங்காரம்.

இப்போது மீன் என்ன சொல்கிறது என்ற கேள்வி. நைல் கரையில் மீன் வரைய ஒருவன் கிறிஸ்தவனாக இருக்க வேண்டியதில்லை. ஜிலேபி மீனின் தாய் முட்டைகளை வாயில் வைத்துப் பொரிக்கும். குஞ்சுகள் வாயிலிருந்து நீந்தி வருவதைப் பார்த்த பழைய எகிப்தியர்கள், அதை மறுபிறப்பின் அடையாளமாகத் தாமரையோடு சேர்த்துக் கிண்ணங்களில் வரைந்தார்கள். இது நம் தட்டுக்கு 2000 ஆண்டு முன்பே நடந்தது. ரோமானியர் காலத்தில் ‘நைல் காட்சி’ என்று மீனும் வாத்தும் தாமரையும் போட்ட தரைச்சித்திரம் செல்வர் வீடுகளில் ஒரு ஃபேஷன். அப்புறம்தான் கிறிஸ்தவ மீன். கிரேக்கத்தில் மீனுக்கான ‘இக்துஸ்’ என்ற சொல்லின் எழுத்துகளைப் பிரித்து ‘இயேசு கிறிஸ்து, கடவுளின் மகன், மீட்பர்’ என்று படித்தார்கள். இந்த மூன்று அடுக்கும் ஒரே ஆற்றங்கரையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. தட்டில் மீன் தனியாக இருந்தால் அதை வைத்து மதத்தைத் தீர்மானிக்க முடியாது. நாலாவதாக ஒன்றும் உண்டு, மறந்துவிடக் கூடாது: அது மீன் பரிமாறுகிற தட்டாக இருந்திருக்கலாம்.

அடுக்கு எப்படி ஏறியது என்பதற்குக் கண்முன் சாட்சி வேண்டுமானால் அங்க் குறியைப் பாருங்கள். மேலே வளையம், கீழே சிலுவை மாதிரி இருக்கும் ‘உயிர்’ என்ற பழைய எகிப்திய எழுத்து. 391 வாக்கில் அலெக்சாண்ட்ரியாவின் செராப்பிஸ் கோயிலை இடித்தபோது அதன் கற்களில் இந்தக் குறி இருந்ததாகவும், அது எங்கள் சிலுவைதான் என்று கிறிஸ்தவர்கள் உரிமை கொண்டாடியதாகவும் அடுத்த நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் சோக்ரட்டீஸ் எழுதியிருக்கிறார். அதன்பின் கல்லறைக் கற்களிலும் துணியிலும் ‘வளையச் சிலுவை’ சாதாரணமாக வருகிறது. தவளை விளக்கும் இதே கதை. பிரசவத்துக்குத் துணைநிற்கும் ஹெகெத் தேவதையின் தவளையை மண் அகலின் மேல் போடுவது எகிப்தில் பழக்கம். அப்படி ஓர் அகலில் கிரேக்கத்தில் ‘நானே உயிர்த்தெழுதல்’ என்று யோவான் நற்செய்தி வாசகம் இருக்கிறது. தவளை அதே தவளை, வாசகம்தான் புதிது.

அடுத்து தேதி. 400 ஆண்டு இடைவெளியைப் பார்த்து உங்களுக்கு வந்த எரிச்சல் நியாயமானது. அதற்குப் பானை காரணம் இல்லை, தோண்டினவர்கள் காரணம். பழைய கோயில்களின் உள்ளேயும் மேலேயும்தான் கிறிஸ்தவர் காலத்து ஊர்களும் மடங்களும் இருந்தன. லக்ஸருக்கு எதிர்க்கரையில் மூன்றாம் ராம்சேஸின் மெதினெத் ஹபு கோயில் வளாகத்தில் ஜேமே என்று ஒரு முழு ஊரே இருந்தது. இரண்டாம் முற்றத்தில் தேவாலயம். பக்கத்தில் தெய்ர் எல்-பஹ்ரியில் ஹட்ஷெப்சுட் கோயிலின் மேல் புனித ஃபாய்பம்மோன் மடம். 19ஆம் நூற்றாண்டில் வந்தவர்களுக்கு வேண்டியது பார்வோன். மேலே இருந்ததை ‘சுத்தம் செய்கிறோம்’ என்று அள்ளிக் கொட்டினார்கள். 1890களில் எட்வார்ட் நாவில் என்ற சுவிஸ் ஆய்வாளர் தெய்ர் எல்-பஹ்ரி மடத்தை எடுத்ததும் அப்படித்தான். ‘தெய்ர் எல்-பஹ்ரி’ என்றாலே ‘வடக்கு மடம்’ என்று பொருள். மடம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. எந்த அடுக்கில் எந்த ஓடு கிடந்தது என்று எழுதி வைக்காமல் அள்ளிய பானைக்கு எப்படி நெருக்கமாகத் தேதி சொல்வது? வியாபாரிகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன பாத்திரங்களுக்கு அந்த ஊர்ப்பெயர்கூட மிஞ்சவில்லை. அப்படி வந்தவற்றுக்குத்தான் ‘5–8’ என்று அகலமாகப் போடுகிறார்கள்.

நிலைமை மாறியதற்குப் பாலைவனத் துறவிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். நைல் கழிமுகத்தின் மேற்கு ஓரத்தில் கெல்லியா என்று ஓர் இடம். ‘அறைகள்’ என்று பொருள். நித்ரியா என்ற துறவியர் குடியிருப்பில் கூட்டம் அதிகமாகிவிட்டது, தனிமை வேண்டும் என்று அங்கிருந்த துறவி அமூன் கேட்க, மூத்த துறவி அந்தோனியார் அவரோடு மதியம் தாண்டிச் சாப்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கினாராம். சூரியன் மறைந்த இடத்தில் சிலுவை நட்டார்களாம். மரபுக் கணக்கில் அது 338. பின்னால் அங்கே 1500க்கு மேற்பட்ட துறவிக் குடியிருப்புகள் எழுந்தன. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் ஆளில்லாமல் போயின. 1964இல் அன்த்வான் கியோமோன் இடத்தை அடையாளம் கண்டார். அடுத்த ஆண்டிலிருந்து பிரெஞ்சு, சுவிஸ் குழுக்கள் தோண்டின. வயலாக மாறிக்கொண்டிருந்த நிலத்தோடு போட்டி போட்டுத்தான் வேலை நடந்தது. அங்கே கிடைத்த பாண்டங்களை மிஷேல் எக்லோஃப் வகை வகையாக எண் போட்டு 1977இல் வெளியிட்டார். இன்றும் எகிப்தில் எங்கு தோண்டினாலும், இந்த ஓடு ‘எக்லோஃப் எத்தனை?’ என்று கேட்கிற வழக்கம் இருக்கிறது.

கெல்லியாவில் என்னை இழுப்பது வேறொன்று. உலகமே வேண்டாம் என்று போனவர்களின் அறையிலும் சித்திரம் போட்ட ஜாடி இருந்தது. சுவரில் நிறம் நிறமாகச் சிலுவை இருந்தது. துறவு என்றவுடன் நாம் கற்பனை செய்கிற வெற்றுச் சுவரும் வெற்றுக் கிண்ணமும் அங்கே பொருந்தவில்லை. முன்பு சொன்ன மாதிரி, அந்த ஜாடி சந்தைச் சரக்கு. கூழ் ஊற்றிவைக்க வாங்குகிற ஜாடியில் பறவை இருந்தால் துறவி வேண்டாம் என்றா சொல்வார்?

உடைந்த பானைக்கும் வேலை இருந்தது. தேபெஸ் (இன்றைய லக்ஸர்) பக்கத்து மலையில் எபிஃபானியுஸ் மடத்தை 1910களில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தோண்டியது. காப்டிக் அடுக்கை முறையாகப் பதிவுசெய்த ஆரம்ப வேலைகளில் அதுவும் ஒன்று. அங்கே கட்டுக்கட்டாகக் கிடைத்தவை எழுத்து எழுதிய ஓடுகள். கடிதம், கடன் சீட்டு, கணக்கு, ஜெபம் எல்லாம் பெரும்பாலும் காப்டிக் மொழியில் (பெரும்பாலும் கிரேக்க எழுத்தில் எழுதிய எகிப்திய மொழி), மையால். ‘பப்பைரஸ் கிடைக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று ஓட்டில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்பது அந்த வட்டாரக் கடிதங்களில் ஒரு வாடிக்கை மரியாதை. இதற்குச் சித்திரம் போட்ட ஓடு ஆகாது. திராட்சரசம் வந்த பழுப்பு ஆம்போராவின் (இரண்டு காது வைத்த ஜாடி) ஓடு மாதிரி வெற்றுப் பரப்பு வேண்டும். ஓட்டில் எழுத்து என்றதும் நம்மவர்களுக்குக் குசைர் அல்-காதிம் நினைவு வரும். செங்கடல் கரையில் இருக்கும் அந்த எகிப்தியத் துறைமுகத்தில்தான் தமிழ் பிராமியில் ‘பானை ஒறி’ என்று கீறிய ஓடு கிடைத்தது. ஆனால் அது இந்த மடங்களுக்கு 500, 600 ஆண்டு முந்தையது. இரண்டையும் ஒரே கதையாக்கிவிடக் கூடாது.

சந்தேகத்துக்கு இடமில்லாத கிறிஸ்தவ மட்பாண்டம் வேண்டுமா? அபு மேனாக் குப்பிதான் அது. அலெக்சாண்ட்ரியாவுக்குத் தென்மேற்கே புனித மேனாஸின் கல்லறை ஒரு பெரிய யாத்திரைத் தலமாக இருந்தது. அங்கே வந்தவர்கள் உள்ளங்கை அளவு தட்டையான மண் குப்பியில் தீர்த்தமோ அங்கே எரிந்த விளக்கின் எண்ணெயோ வாங்கிப் போனார்கள். முன்புறம், பின்புறம் என்று இரண்டு பாதியை அச்சில் அழுத்தி எடுத்து ஒட்டி, கழுத்தும் இரண்டு காதும் தனியாக வைத்திருப்பார்கள். ஒட்டின இடத்தில் விரல் தடம்கூடத் தெரியும். நடுவில் மேனாஸ் இரு கையும் விரித்து ஜெபிக்க, இரண்டு பக்கமும் ஒட்டகங்கள் கால் மடக்கித் தலை தாழ்த்தியிருக்கும். அவர் உடலைச் சுமந்துபோன ஒட்டகம் அந்த இடத்தைத் தாண்ட மறுத்தது என்பது தலபுராணம். அச்சு தேயத் தேய ஒட்டகம் வெறும் வளைவாகிவிடும். விவரம் தெரியாதவர் அதை வாத்து என்றுகூடச் சொல்வார். சிலவற்றில் கிரேக்கத்தில் ‘புனித மேனாஸின் ஆசி’ என்று எழுத்தும் உண்டு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவை செய்யப்பட்டன. இங்கிலாந்தின் மேற்குக் கரையில் மீயல்ஸ் வரை போயிருக்கின்றன. கலை என்று பார்த்தால் உங்கள் மீன் தட்டு எங்கேயோ உயரத்தில் இருக்கிறது. இது கோயில் வாசல் கடைச் சாமான். ஆனால் எங்கே, எதற்காக, யாருக்காகச் செய்தது என்று இவ்வளவு தெளிவாகத் தெரிகிற பாத்திரம் அந்தக் காலத்தில் அபூர்வம்.

639இல் அரபுப் படை எகிப்துக்குள் வந்தது. 642இல் அலெக்சாண்ட்ரியா கைமாறியது. பானைகளில் அந்த ஆண்டுகளைத் தேடினால் கிடைக்காது. ஆட்சி மாறின மறுநாளும் அதே குயவர், அதே சூளை, அதே மண். அஸ்வான் செந்நிறத் தட்டு தொடர்ந்து வந்தது. மாற்றம் தெரிவது பிந்தித்தான். ஈயம் கலந்த கண்ணாடிப் பூச்சு 8ஆம் நூற்றாண்டில் ஃபுஸ்தாத் பக்கம் தலைகாட்டுகிறது. ஆரம்பத்தில் அந்தப் பூச்சின் கீழே இருந்ததும் பழைய அஸ்வான் களிமண்தான். அதற்கு ஆய்வாளர்கள் வைத்த பெயரைக் கேளுங்கள்: ‘காப்டிக் கண்ணாடிப் பூச்சுப் பாண்டம்’. இஸ்லாமிய ஆட்சியில் செய்தது, பெயர் மட்டும் காப்டிக்.

இடையில் ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் இந்த மாதிரிப் படங்களுக்குக் கீழே எப்போதும் யாராவது ‘வாங்கலாமா?’ என்று கேட்பார்கள். வேண்டாம். எகிப்தின் 1983ஆம் ஆண்டு 117ஆம் எண் சட்டம் தொல்பொருள் வியாபாரத்தை ஒழித்துவிட்டது. ஆன்லைனில் வருவதில் பலவும் திருட்டுச் சரக்கு அல்லது போலி. மேனாஸ் குப்பிக்கு அச்சு செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

கடைசியாக லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கிண்ணத்தைப் பற்றிச் சொல்கிறேன். எகிப்தை ஆண்ட ஃபாத்திமியர் என்ற முஸ்லிம் அரச வம்சத்தின் ஆட்சியில், 11ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் செய்தது. வெள்ளைப் பூச்சின் மேல் உலோகம் போல மினுங்கும் தங்கப் பழுப்புச் சித்திரம். நீண்ட அங்கி போட்ட காப்டிக் பாதிரியார் ஒருவர் கையில் தூபக்கலசம் தொங்கவிட்டு நிற்கிறார். பக்கத்தில் அவர் உயரத்துக்குப் பழைய அங்க் குறி. செய்தவர் பெயர் ஸஅத் என்று கையெழுத்தும் இருக்கிறது. சிலுவைக் குறியும் பாதிரியாரும் இருக்கிற இந்தக் கிண்ணத்தை அங்கே இஸ்லாமியக் கலை என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கிறார்கள். ஒரு மீனும் சில புள்ளிகளும் மட்டும் இருக்கிற உங்கள் தட்டுக்குச் சீட்டில் காப்டிக் என்று போட்டிருக்கிறார்கள்.